போல்ட் முறிந்த பின்: சொந்தக் கையால் கார் பார்க்கும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு, வாசலில் கோணிச் சாக்கை விரித்து, பானெட்டைத் தூக்கி நிறுத்தி, ஆயில் மாற்றுவதும் பிளக் சுத்தம் செய்வதும் பிரேக்கில் ஏர் எடுப்பதுமாகிய காரியங்களைப் பிறர் கையில் விடாமல் தாமே செய்துகொள்ளும் உங்களை நோக்கியே இம்மடலை எழுதுகிறேன். நெடுங்காலம் தொழிற்பயிற்சி நிலையமொன்றில் மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்குப் பாடம் சொன்னவன் என்ற முறையிலும், ஓய்வு பெற்ற பின் சிநேகிதர் ஒருவரின் லேத் பட்டறையில் மாலைப் பொழுதுகளைக் கழிப்பவன் என்ற முறையிலும், உங்களில் பலர் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவரும் முறிந்த போல்ட்டுகளையும், தலை மழுங்கிய நட்டுகளையும், மரை உரிந்த டிரெயின் பிளக்குகளையும் காணும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்திருக்கிறது. அவற்றை மேஜைமேல் வைக்கும்போது உங்கள் முகத்தில் தோன்றும் வெட்கத்தையும் கண்டிருக்கிறேன். அந்த வெட்கம் அநாவசியமானது என்பதையும், சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலையைப் பல ஆயிரம் ரூபாய் வேலையாக ஆக்கிவிடுவது பெரும்பாலும் அந்த வெட்கமே என்பதையும் சொல்லத்தான் இத்தனை நீளமாக எழுத நேர்ந்தது.

பிரித்துப் பார்க்கும் ஆசையை இழிவென்று நினைப்பவன் அல்லன் நான். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு, இளமையில் பாடுபட்டுச் சேர்த்த பணத்தைக் கொண்டு ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பூட்டியே யந்திர ஞானத்தின் அரிச்சுவடியைக் கற்றார் என்பதும், 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கி, பின்னர் பெரிய போக்குவரத்து நிறுவனத்துக்கே அதிபதியானார் என்பதும் நம் நாட்டவர் அறிந்த விஷயங்கள். அந்த மோட்டார் சைக்கிளைப் பிரித்தபோது எத்தனை திருகுகள் அவர் கையில் முறிந்தன என்று எவரும் கேட்பதில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை.

ஆயினும் பொருள்கள் ஏன் முறிகின்றன என்பதைக் கொஞ்சம் ஆற அமர யோசிப்பது நல்லது. ஏனெனில் உங்களில் பலர் முறிவுக்குத் தம் முரட்டுக் கையைக் காரணமாகச் சொல்லிக்கொண்டு, காரின் உலோகம் காலப்போக்கில் மாறிவிட்டது என்ற எளிய உண்மையைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறீர்கள். 1950-களின் பிற்பகுதியில் வங்காளத்து உத்தர்பாடாவில் உருவாகத் தொடங்கி 2014 வரை ஓடி வந்த அம்பாசடர் காரின் பழைய எஞ்சினில் பிளாக்கும் வார்ப்பிரும்பு, சிலிண்டர் ஹெட்டும் வார்ப்பிரும்பு. அதில் பிளக்கைப் பலங்கொண்ட மட்டும் முறுக்கினாலும் இரும்பு பொறுத்துக்கொண்டது. மறு வருஷம் கழற்றும்போது கொஞ்சம் முரண்டு செய்ததே தவிர வேறு விபரீதம் ஒன்றும் விளையவில்லை. 1983-ன் இறுதியில் மாருதி 800 வந்தபோது அதன் சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனதாக இருந்தது. அம்பாசடரில் தகப்பனார் பழகிய அதே கைவேகத்தை மகன் மாருதியில் காட்டியதும், மெல்லிய அலுமினிய மரை பிளக்கோடு சேர்ந்து சுருள் சுருளாக உரிந்து வந்ததும், அக்காலத்தில் பட்டறைகளில் சர்வ சாதாரணமான காட்சி. இரண்டு தலைமுறைகளிலும் கை ஒன்றுதான், மாறியது உலோகம்.

அலுமினியத்தில் பிளக் மாற்றுவதற்கென்று சில ஆசாரங்கள் உண்டு. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கழற்ற வேண்டும். சூடாக இருக்கும்போது அலுமினியம் இளகியிருப்பதால் மரை எளிதில் கிழியும். மாட்டும்போது ஸ்பானரை முதலில் தொடவே கூடாது. பழைய பெட்ரோல் ஹோஸில் ஒரு சாண் நறுக்கி, அதன் வாயில் பிளக்கின் பீங்கானைச் செருகி, ஹோஸைப் பிடித்துத் திருக வேண்டும். மரை கோணலாக ஏறினால் ஹோஸ் வழுக்கிச் சுற்றுமே தவிர, அலுமினியத்தைக் கிழிக்கும் பலம் அதற்கு இராது. கையால் முழுவதும் இறங்கிய பிறகுதான் பாக்ஸ் ஸ்பானருக்கு வேலை. அதையும் நேராகப் பிடிக்க வேண்டும், சாய்த்துப் பிடித்தால் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, எஞ்சின் ஒரு சிலிண்டர் குறைந்து இருமுவதற்குக் காரணம் தெரியாமல் கார்புரேட்டரையும் காயிலையும் வீணாகக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

அளவு மாறிய ஸ்பானரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அம்பாசடர் அங்குல அளவில் பிறந்த கார். மாருதியும் அதற்குப் பின் வந்தவையும் மில்லிமீட்டர் அளவில் பிறந்தவை. முக்கால் அங்குல நட்டில் 19 நம்பர் ஸ்பானர் பழுதின்றிப் பொருந்திவிடுவதால், அங்குலமும் மில்லிமீட்டரும் ஒன்றுக்கொன்று ஈடு என்ற தவறான எண்ணம் நம்மவரிடையே வேரூன்றிவிட்டது. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், அதன்மேல் 13 நம்பர் ஸ்பானரை மாட்டினால் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி விழுகிறது. காகிதத்தில் அற்பமாகத் தோன்றும் அந்த இடைவெளிதான், துரு ஏறி இறுகிப்போன நட்டின் ஆறு முனைகளையும் ஒரே இழுப்பில் உருண்டையாக்கிவிடுகிறது. பழைய கார் வைத்திருக்கும் அன்பர்கள் இரு வகை ஸ்பானர்களையும் தனித்தனிப் பையில் வைத்துக்கொள்வது நலம். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் அங்குல ஸ்பானர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

இனி, பலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். பத்து நம்பர் ஸ்பானர் பிடிக்கும் சிறிய போல்ட், அதாவது ஆறு மில்லிமீட்டர் பருமனுள்ளது, காரில் எங்கும் நிறைந்திருப்பது. அதில் தலையில் 8.8 என்று பொறித்த சாதாரண வகையை இறுக்குவதற்கு வேண்டிய முறுக்கு ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர். கால் மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் நான்கு கிலோ எடையைத் தொங்கவிட்டால் அவ்வளவு முறுக்கு வந்துவிடும். ஒரு கைப்பை காய்கறியின் எடை அது. நடுத்தர வயதுள்ள ஆண்மகன் ஒருவர், 'இன்னும் கொஞ்சம்' என்று மூச்சைப் பிடித்து இழுக்கும்போது அதைப்போல் பல மடங்கை அநாயாசமாகக் கொடுத்துவிடுகிறார். ஆனால் அந்தச் சிறிய போல்ட்டோ இரு மடங்கிலேயே முறிந்துபோகக்கூடியது. மேலும் நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே இரு பாகங்களையும் இறுக்கிப் பிடிக்கப் பயன்படுகிறது. மீதி முழுவதும் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்விலேயே கரைந்துவிடுகிறது. ஆகவே உலர்ந்த மரைக்குச் சொல்லப்பட்ட அளவை வைத்துக்கொண்டு, நல்லெண்ணத்தோடு மரையில் எண்ணெய் தடவி முறுக்கினால், உராய்வு குறைந்து போல்ட்டின் மேல் விழும் இழுவிசை எதிர்பாராத அளவுக்கு ஏறி, கை உணர்வதற்கு முன்னரே அது நீண்டு மெலிந்துவிடும். முறிவதற்குச் சற்று முன்னால், இறுகிக்கொண்டே வந்த போல்ட் திடீரென்று இலகுவாகச் சுற்றத் தொடங்கும். அதைக் கண்டு 'இறங்குகிறது' என்று மகிழ்பவர்கள் உண்டு. அந்தக் கணத்தில் கையை எடுத்துவிட்டால் போல்ட் முழுதாகவே வெளியே வரும். அடுத்த கால் சுற்றில் இரண்டாக வரும்.

முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னால், அது பணக்கார வழக்கம் என்று சிலர் சிரிக்கிறார்கள். ஒரு சிலிண்டர் ஹெட்டின் விலையோடு அதன் விலையை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் சிரிப்பதில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: பழைய புஸ்தகங்கள் பவுண்டு அடியிலும், சில கிலோகிராம் மீட்டரிலும், புதியவை நியூட்டன் மீட்டரிலும் அளவு சொல்லும். ஒரு கிலோகிராம் மீட்டர் என்பது 9.8 நியூட்டன் மீட்டர். அளவை ஒன்றாகப் படித்து மற்றொன்றாக முறுக்கினால் கருவி இருந்தும் பயனில்லை.

உலோகம் இப்படியென்றால், பிளாஸ்டிக்கின் சுபாவம் வேறு. ரேடியேட்டரின் மேல், கீழ்த் தொட்டிகள் இப்போதெல்லாம் கண்ணாடி இழை கலந்த நைலான். அடியில் தண்ணீர் விடும் குமிழும் பல கார்களில் பிளாஸ்டிக். எஞ்சின் சூட்டிலும் நம் ஊர் வெயிலிலும் பல வருஷம் வெந்த பிளாஸ்டிக், பார்வைக்கு முன்போலவே இருந்தாலும், வளைந்து கொடுக்கும் தன்மையை இழந்து மொறுமொறுப்பாகிவிடுகிறது. அதற்குப் பலம் காட்டுவதைவிடக் கருணை காட்டுவதே உசிதம்: கதவுப் பலகையின் கிளிப்புகளை வெந்நீரில் பிழிந்த துணியால் சற்று ஒற்றிவிட்டு நெம்புங்கள், ஒயர் இணைப்பின் பூட்டை முதலில் உள்நோக்கி அழுத்தி, பிறகு நாக்கை விடுவித்து, ஒயரைப் பிடிக்காமல் அதன் உடலைப் பிடித்து இழுங்கள். ஸ்டீயரிங்கிலும் டாஷ்போர்டிலும் மஞ்சள் நிற இணைப்புகளைக் கண்டால், அவை ஏர்பேக்குக்கு உரியவை என்று அறிந்து, அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அது வாசலில் பழகிப் பார்க்கும் வித்தை அன்று.

கைப்பேசியில் பார்த்துவிட்டுச் செய்கிறவர்களுக்கு இன்னொன்று சொல்ல விரும்புகிறேன். அந்தப் படங்களில் எல்லா போல்ட்டுகளும் முதல் இழுப்பிலேயே வணங்கி வெளியே வந்துவிடுகின்றன. படம் எடுத்தவர் முந்தின நாளே அவற்றை ஒரு தடவை கழற்றி மாட்டி வைத்திருப்பார் என்பது என் நெடுநாளைய சந்தேகம். நாகப்பட்டினத்துக் கடற்காற்றிலும் தூத்துக்குடி உப்புக் காற்றிலும் நின்ற காரில், அலுமினியத்துக்குள் பூட்டிய எஃகு போல்ட் வேறு விதமாக நடந்துகொள்ளும். இரு வேறு உலோகங்களுக்கு நடுவே உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்து வெண்பொடியாகிறது. அந்தப் பொடி உலோகத்தைக் காட்டிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், போல்ட் எல்லாப் பக்கமும் நெருக்குண்டு கிடக்கிறது. அத்தகைய போல்ட்டுக்கு முதல் நாள் இரவே ஊடுருவும் எண்ணெய் விட்டுவைத்து, காலையில் தலையில் சுத்தியலால் மெதுவாக நாலு தட்டுத் தட்டி, இறுக்கும் பக்கம் இம்மியளவு திருப்பி, பிறகு கழற்றும் பக்கம் இம்மியளவு திருப்பி, இப்படி முன்னும் பின்னுமாகப் பொறுமையோடு பழக்க வேண்டும். எல்லோர் வீட்டிலும் இருக்கும் டபிள்யூடி-40 என்ற தெளிப்பு எண்ணெய் 1953-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டது. அட்லஸ் ஏவுகணையின் மேற்பரப்பைக் காக்க அதைப் பயன்படுத்தினார்கள். முரட்டுத் துருவைப் பிளப்பதற்கென்றே செய்த எண்ணெய்கள் தனியாகக் கிடைக்கின்றன.

இவ்வளவும் செய்த பிறகும் முறியும். உலோகம் முன்னமே களைத்திருந்தால், அனுபவசாலியின் கையிலும் முறியும். என் சிநேகிதர் கையில் முறிந்ததை நானே பார்த்திருக்கிறேன், அவர் முகம் வாடவும் இல்லை, கை பரபரக்கவும் இல்லை. ஸ்பானரைத் துடைத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். இந்த டீயை நீங்கள் குடிப்பதில்லை என்பதே என் முதன்மையான குறை. போல்ட் 'டக்' என்று முறிந்ததும், மனைவி கேட்பாளே, எதிர்வீட்டுக்காரர் பார்க்கிறாரே, நாளைக் காலை ஆபீஸ் போக வேண்டுமே என்ற பரபரப்பில், கையில் கிடைத்த டிரில்லை எடுத்து, முறிந்த துண்டின் நடுவே துளை போடுவதாக எண்ணிக்கொண்டு ஓரத்திலே துளை போட்டு, எஃகை விட்டு வழுக்கி அலுமினியத்தைத் துளைத்துவிடுகிறீர்கள். அதற்கு மேல் போகிறவர்கள், கடையில் ஈஸி அவுட் என்ற இடம்புரித் திருகு ஆணியை வாங்கிவந்து அத்துளையில் செலுத்தி, பலமெல்லாம் திரட்டித் திருகுகிறார்கள். அந்த ஆணி மிகக் கடினமான எஃகு. கடினமானதாலேயே நொறுங்கும் தன்மையும் உடையது. அது உள்ளே முறிந்துவிட்டால் சாதாரண டிரில் அதன்மேல் ஒரு கீறல்கூடப் போடாது. மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் இயந்திரத்துக்கு அந்தப் பாகத்தையே கழற்றிக்கொண்டு ஓட வேண்டும். முறிந்த போல்ட்டோடு பட்டறைக்கு வந்தவர் அரை மணியில் திரும்பிப் போகிறார். போல்ட்டுக்குள் முறிந்த ஈஸி அவுட்டோடு வந்தவர் எஞ்சினை இறக்கிவைத்துவிட்டுப் போகிறார்.

பட்டறையில் அப்படி என்ன செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். ரகசியம் ஒன்றுமில்லை. முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் லாக் பிளையரால் பிடித்துத் திருப்புவார்கள். மட்டத்தோடு முறிந்திருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து நடுவில் வெல்டு செய்து, அது சிவந்து ஆறும்வரை காத்திருந்து, நட்டோடு திருப்பி எடுப்பார்கள். வெல்டின் சூடு போல்ட்டை விரியச் செய்து, ஆறும்போது சுருங்கச் செய்து, துருவின் பிடியை உடைத்துவிடுகிறது. காரிலேயே வைத்து வெல்டு செய்வதானால் முதலில் பாட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எஞ்சினை நடத்தும் மின்னணுப் பெட்டிக்கு ஆபத்து. மரை உரிந்த துளைக்கும் உபாயம் உண்டு: துளையைச் சற்றுப் பெரிதாக்கி, புதிதாக டேப் போட்டு, ஹெலிகாயில் என்னும் துருப்பிடிக்காத எஃகுச் சுருளைப் பதித்துவிடுகிறார்கள். அப்படிச் செப்பனிட்ட மரை பழைய அலுமினிய மரையைவிடப் பலமாக நிற்கும்.

முறிந்தது எதுவானாலும் நிதானமாக இருக்கலாம் என்று நான் சொன்னதில் ஒரே ஒரு விதிவிலக்கு, பிரேக்கும் ஸ்டீயரிங்கும். பிரேக்கில் ஏர் எடுக்கும் நிப்பிள் உள்ளே துளையுள்ள மெல்லிய திருகு. அதன் ரப்பர் மூடி தொலைந்து, மழைநீர் புகுந்து துருவேறியிருந்தால், கழற்றும்போது கழுத்தில் முறிவது அபூர்வமன்று. முறிந்த இடத்தில் எம்-சீல் பூசி அடைத்துவிட்டு, 'பட்டறை வரைக்கும்தானே' என்று ஓட்டிச் செல்லும் துணிச்சலை நான் கண்டிருக்கிறேன். அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. பிரேக் மிதிக்கும்போது அந்தக் குழாய்களில் எழும் அழுத்தம் பூச்சுக்குக் கட்டுப்படாது. அவ்வாறே பிரேக் ஆயில் தொட்டியில் தவறுதலாகப் பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ எஞ்சின் ஆயிலையோ ஊற்றிவிட்டவர்கள், துணியால் துடைத்து எடுத்துவிட்டோம் என்று சமாதானம் அடையலாகாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர் சீல்கள் ஊதிப் பருத்துக் கெட்டுவிடும், மாஸ்டர் சிலிண்டர் முதல் சக்கரம் வரை ரப்பர் அத்தனையும் மாற்றியாக வேண்டும். இவ்விரண்டு சந்தர்ப்பங்களிலும் கார் நின்ற இடத்தில் நிற்கட்டும். மெக்கானிக் உங்களிடம் வரட்டும், அல்லது வண்டியைத் தூக்கிச் செல்லும் லாரி வரட்டும்.

மெக்கானிக்கிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்பதை நான் தருமோபதேசமாகச் சொல்லவில்லை. காசு மிச்சமாகும் என்பதால் சொல்கிறேன். 'ஓடிக்கொண்டே இருந்தது, தானாக நின்றுவிட்டது' என்று சொல்லப்பட்ட வண்டியில் அவர் பம்பிலிருந்து தொடங்கித் தேடுவார். தேடிய மணிக்கெல்லாம் கூலி உண்டு. 'நேற்று இந்த நட்டைக் கழற்றினேன், இந்த வாஷர் உள்ளே விழுந்துவிட்டது' என்று சொல்லப்பட்ட வண்டியில் அவர் நேரே அந்த இடத்துக்குப் போவார். விழுந்த வாஷர் இரும்பா, செம்பா, அலுமினியமா என்றும் சொல்லுங்கள்; காந்தத்தால் எடுக்கலாமா கூடாதா என்பது அதைப் பொறுத்தது. மெக்கானிக்குகள் சிரிப்பார்கள் என்று அஞ்சாதீர்கள். சிலர் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். முறிந்த துண்டை ஆத்திரத்தில் சாக்கடையில் எறிந்துவிட்டு வெறுங்கையோடு வராதீர்கள். அந்தத் துண்டிலிருந்துதான் போல்ட்டின் பருமனையும் மரையின் நெருக்கத்தையும் அளந்து, அதன் தலையில் பொறித்த எண்ணைப் பார்த்து 8.8-ஆ 10.9-ஆ என்று தெரிந்து, அதற்குச் சரியான மாற்றைத் தேட முடியும். வழக்கொழிந்த காராக இருந்தால் புதுப்பேட்டைக் கடைகளில் அதைக் காட்டித்தான் கேட்க முடியும். துண்டைக் காகிதத்தில் சுற்றி, எந்த இடத்தில் இருந்தது என்று அதன்மேல் எழுதி, டிரில்லை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பட்டறை மாலை ஏழு மணி வரை திறந்திருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் நலம் விழையும்
பழைய மோட்டார் பாட ஆசிரியன்